பெயர் ஏற்றுவதும் பெயர் காப்பதும்



நினைவுப் பேருரை என்றால் மறைந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை முதலில் வாசிப்பது வழக்கம். பிறந்த ஊர், பெற்றோர், படிப்பு, வகித்த பொறுப்பு, எழுதிய நூல் என்று ஒரு பக்கம் போகும். இந்த ஆண்டு அந்தப் பக்கத்தை நாங்கள் வாசிக்கவில்லை. ஏன் வாசிக்கவில்லை என்பதைச் சொல்வதுதான் இந்த உரை.

நாம் நினைவுகூரும் தோழர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பனியன் கம்பெனிகளில் வேலை செய்தவர். கைமடியாகச் சேர்ந்து, ஓவர்லாக் கற்று, பிறகு பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர். காலனியில் இரவுப் பள்ளி நடத்தினார். சங்கத்துக்கு நோட்டீசு எழுதினார். கவிதையும் எழுதினார். சென்ற ஆண்டு நம் மாணவர்கள் சிலர், அவரைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை எழுதலாம் என்று உட்கார்ந்தார்கள். சான்று தேடினார்கள். மூன்று செய்தித்தாள் நறுக்குகள் கிடைத்தன. மூன்றும் கைதுச் செய்திகள். இரண்டு மறியல், ஒன்று சுடுகாட்டுப் பாதை கேட்டு நடந்த போராட்டம். இரவுப் பள்ளியைப் பற்றி ஒரு வரிகூட எந்தத் தாளிலும் இல்லை.

பிறகு அவருடைய துணைவியாரைப் பார்க்கப் போனார்கள். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அவரு செஞ்சதையெல்லாம் எழுதுங்க கண்ணு. என்ன சாதின்னு மட்டும் போட்டுராதீங்க. பெரியவ டவுனுக்குள்ள வாடகைக்கு இருக்கறா. வீட்டுக்காரங்க இன்னும் கேக்கல" என்றார்.

எழுதுவதற்குச் சான்று போதவில்லை. எழுதினால் ஒரு பெண் குடியிருக்கும் வீடு போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாணவர்கள் திரும்பி வந்தார்கள். இந்த அச்சு நூலில் தோழரின் பெயர் இல்லாததற்கும் அதுவே காரணம். அரங்கில் இருப்பவர்களுக்கு அவர் யாரென்று தெரியும்.

களஞ்சியத்தில் யார் பெயர் ஏறியது

தமிழில் பெயர்களைத் தொகுக்கும் வேலை நூறாண்டைத் தாண்டியது. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் 'அபிதான கோசம்' 1902இல் வந்தது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910இல் வந்தது. புராணப் பாத்திரங்கள், புலவர்கள், அரசர்கள் என்று அவை நிறைந்திருந்தன. பிறகு 1946இல் தமிழ் வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கிய தி.சு. அவினாசிலிங்கம் திருப்பூரில் பிறந்தவர். கழகத்தின் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன் மொடக்குறிச்சிப் பக்கத்துக்காரர். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வந்தன. தமிழின் நவீனக் கலைக்களஞ்சிய முயற்சிக்குப் பின்னால் நம் கொங்கு வட்டாரத்தின் உழைப்பு இருக்கிறது என்பதில் நமக்கும் மகிழ்ச்சிதான்.

அச்சுக் களஞ்சியத்தில் பக்கம் குறைவு. யாரைச் சேர்ப்பது என்பதை ஆசிரியர் குழு முடிவு செய்தது. 2001இல் விக்கிப்பீடியா தொடங்கியபோதும், 2003இல் அதன் தமிழ்ப் பதிப்பு தொடங்கியபோதும், இந்தக் கதவு எல்லோருக்கும் திறந்துவிட்டதாக நம்மில் பலர் நினைத்தோம். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். ஆனால் யாரைப் பற்றி எழுதலாம் என்பதற்கு ஒரு விதி உண்டு. குறிப்பிடத்தக்கமை என்று அதைச் சொல்கிறார்கள். ஒருவரோடு சம்பந்தமில்லாத, நம்பகமான வெளியீடுகள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். அவரே எழுதிக்கொண்டதோ, அவர் சார்ந்த அமைப்பு வெளியிட்டதோ இந்தக் கணக்கில் வராது.

விதியின் நோக்கத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. விளம்பரமும் தற்புகழ்ச்சியும் உள்ளே வராமல் தடுக்க ஏதோ ஓர் அளவுகோல் வேண்டும். ஆனால் அந்த அளவுகோல் இன்னொருவர் கையில் இருக்கும் தராசை நம்பியிருக்கிறது. பத்திரிகை எழுதினால் ஆள் குறிப்பிடத்தக்கவர். எழுதாவிட்டால் இல்லை. பத்திரிகை யாருடையது? 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் இந்திய ஊடகங்களை ஆராய்ந்தபோது, 121 தலைமைப் பொறுப்புகளில் 106இல் உயர்சாதியினர் இருந்தார்கள். தலித்தோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை.

இது நம் ஆட்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 2018 அக்டோபரில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற டோனா ஸ்ட்ரிக்லேண்டுக்கு, அறிவிப்பு வந்த நாள்வரை ஆங்கில விக்கிப்பீடியாவில் பக்கம் இல்லை. சில மாதங்களுக்கு முன் ஒருவர் எழுதித் தந்த வரைவு, போதிய சான்று இல்லை என்று திருப்பப்பட்டிருந்தது. கனடாவில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்த வெள்ளைக்காரப் பெண்மணிக்கே இந்த நிலை என்றால், இரவுப் பள்ளி நடத்திய ஓவர்லாக் தொழிலாளிக்கு என்ன சான்று கிடைக்கும்?

சார்பற்ற சான்று என்பது என்ன

நம் முன்னோர் இதை முன்பே உணர்ந்திருந்தார்கள். அடுத்தவர் பத்திரிகை நம்மை எழுதாது என்பதால் சொந்தமாகப் பத்திரிகை நடத்தினார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 1869 முதல் 1943 வரை வந்த தலித் இதழ்களின் வரலாற்றை ஜெ. பாலசுப்பிரமணியம் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். சீனிவாசன் தன் வாழ்க்கையைத் தானே 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று 1939இல் எழுதி வெளியிட்டார்.

இன்றைய விதிப்படி பார்த்தால், சீனிவாசனைப் பற்றி 'பறையன்' எழுதியது அவர் சார்ந்த வெளியீடு. அவருடைய தன்வரலாறு அவரே சொல்லிக்கொண்டது. சேரிக்கு வெளியே இருந்தவர்கள் நடத்திய தாள் மட்டும் சார்பற்றது என்று ஆகிறது. சாதிச் சமூகத்தில் சாதி இந்துவின் தாளுக்குச் சார்பே இல்லை என்று எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய சலுகை என்பதை மாணவர்கள் யோசிக்க வேண்டும்.

அயோத்திதாசர் 1914இல் மறைந்தார். ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் வந்தது. இடையில் 85 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவர் குறிப்பிடத்தகாதவராக இருந்தாரா? அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய 'தமிழன்' இதழ்களைக் கட்டிக் காத்ததால்தான் அந்தத் தொகுப்பு சாத்தியமாயிற்று. யாரோ ஒருவர் வீட்டில் தாள் மிஞ்சியிருந்தது. அதனால் பெயர் மிஞ்சியது.

நம் ஊர் எதை நினைவில் வைத்தது

திருப்பூருக்கு வருவோம். 1932 ஜனவரி 10ஆம் நாள் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் அடித்தது. மறுநாள் குமரன் உயிரிழந்தார். அப்போது அவருக்கு 27 வயது. அந்த ஒரே நிகழ்வால் அறியப்பட்டவர் அவர். சிலையும் தபால்தலையும் அவருக்கு உண்டு. அவர் அதற்கு முழுத் தகுதியானவர். நாம் கவனிக்க வேண்டியது, ஓர் இளந்தொழிலாளியின் ஒரு நாள் செயலைத் தேசத்தின் செயலாக மாற்ற ஒரு கட்சியும் மேடைகளும் பத்திரிகைகளும் இருந்தன என்பதைத்தான்.

1984இல் இதே ஊரில் பஞ்சப்படி கேட்டு 127 நாள் பொது வேலைநிறுத்தம் நடந்தது. அதை விரிவாக எழுதியவர்களில் ஒருவர் சரத் சாரி. திருப்பூரைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 2004இல் வந்தது. உழவுக் குடும்பங்களிலிருந்து வந்த கவுண்டர் சாதித் தொழிலாளர்கள் எப்படி முதலாளிகள் ஆனார்கள் என்பதே அந்நூலின் மையம். சுயமுயற்சியால் முன்னேறிய முதலாளிகளின் கதை ஊருக்கு மனப்பாடம். அந்த 127 நாளில் காலனிகளில் அடுப்பு எரிந்ததா என்ற கதை அந்தந்த வீடுகளோடு நின்றது.

கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ் என்ற ஆய்வாளர்கள் திருப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பல ஆண்டுகள் ஆய்வு செய்தார்கள். ஓர் ஊரின் தலித்துகள் பனியன் வேலைக்குப் போய்ப் பழைய பிடியிலிருந்து ஓரளவு விடுபட்டதையும், இன்னோர் ஊரின் தலித்துகள் முன்பணக் கடனால் விசைத்தறியிலேயே கட்டுண்டு கிடந்ததையும் எழுதினார்கள். டீ-சர்ட்டும் டம்ளரும் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை 2014இல் வந்தது. அந்த ஆய்வுகளில் ஊர்ப்பெயர்கள் மாற்றுப்பெயர்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். உண்மைப் பெயரைப் போட்டால் பேசியவர் மறுநாள் வேலைக்குப் போக முடியாது. ஆனால் விளைவு என்ன? நம் வாழ்க்கையைப் பற்றிய மிக நேர்மையான ஆவணங்களில் நம் பெயர் இல்லை. பெயர் இருக்கும் ஆவணங்களில் நம் வாழ்க்கை இல்லை.

காயத்தால் வரும் பெயர்

நம் பெயர் அச்சில் வரும் வழி ஒன்று உண்டு. கொல்லப்பட்டால் வரும், அடிபட்டால் வரும், அவமானப்பட்டால் வரும். இதுதான் இந்த உரையின் மையமான கவலை. வேலை செய்தவரை வெளியே நிறுத்தும் அதே விதி, காயம்பட்டவரை உள்ளே இழுத்து வருகிறது.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி கௌசல்யா தலையில் வெட்டுப்பட்டு உயிர் பிழைத்தார். கண்காணிப்புக் கேமராக் காட்சியைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தை உள்ளிட்ட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தந்தையை விடுவித்தது. மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. இவை நீதிமன்றப் பதிவுகள். எந்தக் களஞ்சியத்திலும் இருக்க வேண்டியவை. இவற்றை நீக்கச் சொல்வது கொலைக்குத் துணைபோவதாகும்.

கௌசல்யா சாதி ஒழிப்பு மேடைகளில் பேசினார். ஆணவக் கொலைக்கு எதிராகத் தனிச்சட்டம் கேட்டார். அதுவும் பொதுவாழ்க்கை, பதிவாக வேண்டியது. ஆனால் அவர் எங்கே வேலை செய்கிறார், யாரோடு வாழ்கிறார், எப்படி உடுத்துகிறார், எவ்வளவு காலம் அழுதார் என்று ஊடகங்களும் சமூக ஊடகங்களும் விசாரணை நடத்தினவே, அதை எதில் சேர்ப்பது? சாதிவெறியர்கள் மட்டும் அதைச் செய்யவில்லை. நம் பக்கத்திலும் சிலர் செய்தார்கள். ஒரு பெண் நமக்கு அடையாளமாகிவிட்டால் அவருடைய வாழ்க்கையே இயக்கத்தின் சொத்து என்று நினைத்துவிட்டோம். கணவரைப் பறிகொடுத்த ஒரு நாளுக்காக ஒரு பெண் வாழ்நாள் முழுவதும் வரவுசெலவு காட்ட வேண்டியதில்லை. அந்த விவரங்கள் எதையும் இந்த உரையில் நாங்கள் சொல்லப்போவதில்லை.

2018 ஜூலையில் அவிநாசி வட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள். வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அவருடைய பெயரும் படமும் நாடு முழுவதும் வந்தன. அந்த அம்மா கேட்டது சமைக்கும் வேலையை. கிடைத்த புகழோ வேறு. அவர் பெயரை இங்கே சொல்லாமலேயே நடந்த அநீதியை முழுமையாகச் சொல்ல முடிகிறது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். தலித் பெண்கள் தலைமையேற்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் தொடர்ந்து போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலைக்குள் பாலியல் கொடுமையைத் தடுக்கத் தொழிலாளர்களே கண்காணிக்கும் முறை அதனால் வந்தது. இறந்த பெண்ணின் பெயர் உலகம் முழுவதும் போனது. செக்கிங் டேபிளிலும் தையல் வரிசையிலும் நின்றுகொண்டே அந்த ஒப்பந்தத்தைச் சாத்தியமாக்கிய பெண்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

சட்டம் எங்கே நிற்கிறது

வாழ்க்கை வரலாறும் அந்தரங்கமும் மோதிய முக்கியமான வழக்கு தமிழ்நாட்டில் இருந்துதான் போனது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முயன்றபோது எழுந்த வழக்கு அது. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பம், திருமணம், தாய்மை, கல்வி போன்றவற்றில் ஒருவரின் அந்தரங்கத்தை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது; புகழ்ந்து எழுதினாலும் கூடாது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவுகளில் உள்ளதை வெளியிடலாம். ஆனால் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயரை அந்தக் காரணம் சொல்லியும் வெளியிடக் கூடாது. அரசு அதிகாரிகள் தங்கள் பணி தொடர்பான விமர்சனத்துக்கு அந்தரங்கத்தைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017இல் உறுதி செய்தார்கள்.

2024 செப்டம்பரில், கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் கொல்லப்பட்ட பெண் மருத்துவரின் பெயரையும் படத்தையும் நீக்குமாறு விக்கிப்பீடியாவுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் தோழர்கள் பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தால் சேர்ந்த 15ஏ பிரிவின்படி, பொதுமக்கள் பார்வைக்கு வரும் தீர்ப்பிலும் ஆவணங்களிலும் சாட்சிகளின் பெயர், முகவரியை மறைக்கச் சிறப்பு நீதிமன்றம் உத்தரவிடலாம். வழக்கு நடத்தும்போதே இதைக் கேட்டுப் பெற வேண்டும். ஒருமுறை இணையத்தில் ஏறியதை இறக்குவது எவ்வளவு கடினம் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

பக்கம் இருந்தால் போதுமா

பக்கம் கிடைத்துவிட்டால் பெருமை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2005இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலரின் விக்கிப்பீடியாப் பக்கத்தில், கென்னடி கொலையோடு அவரைத் தொடர்புபடுத்தி யாரோ விளையாட்டாக எழுதிவிட்டார்கள். நான்கு மாதம் அது அப்படியே இருந்தது. உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதுவதற்குக் கடுமையான விதிகள் அதன் பிறகே வந்தன. பெரிய தலைவரின் பக்கத்தை ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிறிய மனிதரின் பக்கத்துக்குக் காவல் இல்லை. சாதி மறுப்புத் திருமணம் செய்த ஒரு சங்க ஊழியரின் பக்கத்தில், மனைவியின் ஊரையும் குழந்தையின் பள்ளியையும் எவனாவது சேர்த்தால், அதை யார், எப்போது பார்ப்பார்கள்?

சாதியைக் குறிப்பதும் இப்படித்தான். உயிரோடு இருப்பவர் தன் சாதியைத் தானே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் மட்டுமே எழுதுவது என்பது ஆங்கில விக்கிப்பீடியாவில் வழக்கமாகியிருக்கிறது. இது நல்ல வழக்கம். தலித் என்று அறிவித்துக்கொள்வது நம் அரசியல். ஆனால் அந்த அறிவிப்பை அவரவர் செய்ய வேண்டும். வாடகை வீட்டில் இருக்கும் மகளுக்காக அப்பாவின் கட்டுரை செய்யக் கூடாது.

மறைந்து வாழ்வதைப் போற்றவும் நாங்கள் வரவில்லை. மலையாளத்தின் முதல் திரைப்பட நாயகி பி.கே. ரோசி, 'விகதகுமாரன்' படத்தில் நாயர் பெண்ணாக நடித்ததற்காக விரட்டப்பட்டார். தமிழ்நாட்டுக்கு ஓடிவந்து நாகர்கோவில் பக்கம் தன் பழைய அடையாளத்தைச் சொல்லாமலே வாழ்ந்து முடித்தார். 2023 பிப்ரவரியில் கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வைத்தது. அவர் காத்த மௌனத்தை அந்தரங்கம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. அது அச்சம். விரும்பி மூடிய கதவும் வெளியிலிருந்து பூட்டிய கதவும் ஒன்றல்ல. அக்கா நம் மாணவர்களிடம் கேட்டது இவற்றில் எது? இரண்டும் கலந்தது என்றே நாங்கள் நினைக்கிறோம். பூட்டியது ஊர். ஆனால் இன்றைக்குத் திறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அக்காவுடையது.

நாம் செய்ய வேண்டியது

செய்த வேலைக்குப் பெயர் ஏற்றுவோம். பட்ட காயத்தைச் சொல்லும்போது, சம்பந்தப்பட்டவர் கேட்டால் பெயரைக் காப்போம். இந்த இரண்டையும் சேர்த்தே செய்ய முடியும்.

முதலாவதாக, சான்றை நாமே உண்டாக்க வேண்டும். சங்க நோட்டீசு, ஆண்டறிக்கை, இரவுப் பள்ளி வருகைப் பதிவேடு, மாநாட்டு மலர் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு காலனியிலும் இரண்டு மாணவர்கள் அவற்றைச் சேகரித்து நாள், ஊர், பெயர் குறித்து நகல் எடுத்து வைக்க வேண்டும். ஒன்று நம்மிடம், இன்னொன்று ஏதாவது நூலகத்தில். நம் வெளியீட்டைச் சார்புடையது என்று ஒதுக்கினால், ஆய்வேடுகளாகவும் நூல்களாகவும் எழுதுவோம். பிஎச்.டி. செய்யும் தம்பி தங்கைகள் தலைப்புத் தேடி அலைய வேண்டாம். தலைப்பு உங்கள் தெருவில் இருக்கிறது.

இரண்டாவதாக, தனி மனிதர் பக்கம் வேண்டுமா என்று யோசியுங்கள். ஒரு போராட்டம், ஒரு சங்கம், ஒரு பள்ளி பற்றிய கட்டுரையில் பத்துப் பேரின் வேலை பதிவாகும். ஒருவருடைய வீடும் திறந்து கிடக்காது.

மூன்றாவதாக, உயிரோடு இருப்பவரிடமும் இறந்தவரின் வீட்டாரிடமும் போய் உட்கார்ந்து, எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். பொதுப் பணத்தையும் அதிகாரத்தையும் கையாண்டவருக்கு இந்தச் சலுகை இல்லை. அவர் செய்ததை அவர் அனுமதி இல்லாமலே எழுதுவோம். செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்ணும் சட்டமன்ற உறுப்பினரும் ஒரே அளவில் பொதுமனிதர் அல்ல.

மாணவர்கள் சென்ற மாதம் மீண்டும் அக்காவிடம் போனார்கள். இந்த முறை இரவுப் பள்ளியைப் பற்றி எழுதிய பன்னிரண்டு பக்கங்களைப் படித்துக் காட்டினார்கள். அங்கே படித்து இன்று ஆசிரியராகவும் செவிலியராகவும் இருப்பவர்கள் தாங்களே முன்வந்து பெயர் கொடுத்திருந்தார்கள். தோழரின் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். அக்கா அந்த இடத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இப்பத்திக்கு இப்படியே இருக்கட்டும் கண்ணு. பெரியவ சொந்தமா வீடு கட்டட்டும், அப்ப நானே கூப்பிட்டுச் சொல்றேன்" என்றார்.

அந்த இடம் அப்படியே இருக்கிறது. ஜெய்பீம்.